பஸ்ஸைத் தள்ளும் கழுதை

இருபத்தாறு வயது வரை நான் ஒரு பொம்மைக்காகவும் அலைந்ததில்லை. இருபத்தாறாவது வயதில், பத்தே வாரத்தில், ஸ்ரீரங்கத்திலிருந்து தெப்பக்குளத்துக்குப் பத்தொன்பது தடவை போய் வந்தேன். நடந்து நான்கு தடவை, சைக்கிளில் ஆறு, மீதி ஒன்பதும் பஸ்ஸில். எல்லாம் ஏழு பஞ்சுப் பொம்மைகளுக்காக.

அறுபதுகளின் தொடக்கம் அது. மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த வைகாசியில்தான் கல்யாணம். மனைவிக்கு ஊர் முசிறி. அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில், ஒரு தடித்த நோட்டு இருந்தது. குழந்தைகளுக்கான வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த சித்திரத் தொடரை வாராவாரம் வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு வாரங்களில் மூன்று இல்லை. அந்த மூன்று வாரமும் அவளுக்கு அம்மை போட்டிருந்ததாம். கல்யாணத்துக்குப் பிறகும் பத்திரிகையை வரவழைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தொடர் ஒரு பஸ்ஸைப் பற்றியது. டிரைவர் ஒரு கரடி. கண்டக்டர் ஒரு கொக்கு. நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிக் கடைசி சீட்டு வரை டிக்கெட் கொடுத்துவிடும். பால் தூக்கோடு ஒரு பூனை மாமி. எப்போதும் தாமதமாகவே வந்து ஏறும் ஆமைத் தபால்காரர். பரீட்சைத் தாளைத் திருத்துவதற்குப் பதில் தின்றுவிடும் ஆட்டு வாத்தியார். கறுப்புக் கோட்டுப் போட்ட காக்கை வக்கீல். இந்த ஆறு பேரோடு, டிக்கெட் வாங்காத ஒரு கழுதை. வாராவாரம் பஸ் எங்கேயாவது நின்றுவிடும். கழுதை இறங்கித் தள்ளும். பஸ் கிளம்பிப் போய்விடும். கழுதை பின்னால் ஓடிவருவதுதான் எல்லா வாரமும் கடைசிப் படம். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. டிக்கெட் வாங்காத ஆளை ஏன் ஏற்றினார்கள் என்ற கவலைதான் வந்தது. இதைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் பெட்டி மூடி தானாக விழுந்து மூடிக்கொண்டது.

ஆடி மாதம் அவளை வழக்கப்படி பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஒரு சாயங்காலம் வேறு வேலையாகத் தெப்பக்குளம் பக்கம் போனவன், ஒரு மெத்தைக்கடை வாசலில் நின்றுவிட்டேன். கடைக்காரர் பாய், ஐம்பது வயது இருக்கும், தாடியெல்லாம் பஞ்சுத் தூசி. அவர் தலைக்கு மேலே கயிற்றில் ஒரு சாண் உயரக் கரடி தொங்கியது. பழுப்பு வெல்வெட் உடம்பு, சட்டைப் பித்தான் கண், காக்கித் தொப்பி. நோட்டில் பார்த்த அதே கரடி.

"என்னங்க இது?"

"பாத்தா தெரியலயா தம்பி? டிரைவரு."

"விலைக்கா?"

"பின்ன, லைசென்ஸ் குடுக்கவா தொங்க விட்டிருக்கேன்?"

மெத்தை, திண்டு, தலையணைக்கு வெட்டி மிச்சமாகும் வெல்வெட்டிலும் பிளானலிலும் தைக்கிறாராம். அவர் மகளுக்கு அந்தப் பத்திரிகைமேல் உயிராம். ஒவ்வொரு ஆளிலும் பன்னிரண்டு பொம்மைதான். துணி தீர்ந்தால் தீர்ந்ததுதான். "கரடியில இதோட பத்து போயிடுச்சு. யோசிக்கிறதுன்னா வீட்டுல போயி யோசிங்க" என்றார். அங்கேயே யோசித்து வாங்கிவிட்டேன்.

பதினெட்டாம் பெருக்குக்கு மாமனார் வீட்டில் அழைத்திருந்தார்கள். கரடியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு முசிறி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வழியில் காகிதம் கிழிந்து தொப்பி வெளியே வந்துவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அது யாரு சார், நம்ம ஆளு மாதிரி இருக்கு?"

சொன்னேன். கையை நீட்டி வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் ரோட்டைப் பார்த்தபடி உட்கார வைத்துவிட்டார். எட்டிப் பிடிக்கத் தோதாக நான் சீட்டின் நுனிக்கு நகர்ந்தேன். குலுங்கி விழுந்தால்? எஞ்சின் சூட்டில் வெல்வெட் பொசுங்கினால்? பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "இனிமேலாச்சும் ஒழுங்கா ஓட்டுவாங்கய்யா! அது நல்லா ஓட்டும்போல!" பஸ் முழுக்கச் சிரிப்பு. முசிறி வந்ததும் டிரைவர் கரடியைத் திருப்பிக் கொடுத்து, "டூட்டி முடிஞ்சிருச்சு, எறங்கச் சொல்லுங்க" என்றார்.

அவள் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டாள். பெரியவர்கள் நிற்பதையும் மறந்து, கரடியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து கேட்டாள்: "ஏன்னா, இன்னும் ஆறு பேர் இருக்காளே?"

அப்படித்தான் பத்தொன்பது தடவை ஆயிற்று. பாய் எந்த வாரம் எந்த ஆளைத் தைப்பார் என்று அவருக்கே தெரியாது. "எந்தத் துணி மிஞ்சுதோ அந்த ஆளு" என்பார். வெள்ளைத் துணி மிஞ்சிய வாரம் கொக்கு. பூனை வந்தது. ஆடு வந்தது. ஆமையில் ஒரு குழப்பம்: ஆவணியில் அவள் திரும்பி வந்தபின் அவளும் பக்கத்து வீட்டு மாமியோடு கடைக்குப் போய் ஒன்று வாங்க, ஆலை விட்டதும் நானும் போய் ஒன்று வாங்கிவர, வீட்டில் இரண்டு தபால்காரர்கள். காக்கையோ பன்னிரண்டும் தீர்ந்துபோயிருந்தது. கடையில் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, கன்டோன்மென்டிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா ஒருவர், "என்கிட்ட ரெண்டு காக்கா இருக்கு, ஆமைதான் கிடைக்கல" என்றார். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை வாசலில் மாற்றிக்கொள்வது என்று பேச்சு. ஐந்து நாற்பதுக்கே போய் நின்றேன். அவர் அதற்கும் முன்னால் வந்து நின்றிருந்தார்.

ஆறு சேர்ந்துவிட்டது. புரட்டாசி பிறந்து நவராத்திரி நெருங்கியது. என் மனைவிக்கு எங்கள் வீட்டில் முதல் கொலு.

எங்கள் கொலு ஒன்பது படி, நூற்று நாற்பத்து மூன்று பொம்மை. எது எந்தப் படியில் எந்தப் பக்கம் என்பது அம்மாவின் தலைக்குள் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதத்தில், என் மனைவி சொன்ன இடத்தில் வைக்கப்பட்டது என்று ஒரு தம்ளர்கூடக் கிடையாது. அம்மா கெட்டவள் இல்லை. எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான். அதனால் அவள் தயங்கித் தயங்கி, இந்தப் பொம்மைகளையும் படியில் வைக்கலாமா என்று கேட்டபோது நான் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மொத்தம் எத்தனை?" என்றாள் அம்மா.

"ஏழும்மா. கழுதை மட்டும் இன்னும் வரலை."

"அப்போ வச்சுக்க முடியாதே. ஒரு வருஷம் தசாவதாரத்துல வாமனர் உடைஞ்சு போனார். மிச்ச ஒம்பது பேரையும் ரெண்டு வருஷம் பெட்டியிலதான் வச்சிருந்தேன். ஒம்பதை வச்சா, பத்தாவது எங்கேன்னு வரவா கேப்பாளா மாட்டாளா? குறையோட எதையும் படியில ஏத்தறதில்லே." கொஞ்சம் யோசித்து, "ஏழும் வந்துடுத்துன்னா அஞ்சாம் படி உன்னோடது. நீ எப்படி வைக்கறியோ வச்சுக்கோ. ஆறுன்னா பெட்டியோட இருக்கட்டும்" என்றாள்.

ஐந்தாம் படி என்றால் நட்டநடு. உட்காருகிறவர்கள் கண்ணுக்கு நேரே வரும் படி. அன்று முழுவதும் என் மனைவி நடந்த இடமெல்லாம் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாயிடம் ஓடினேன். தலையை ஆட்டிவிட்டார்.

"கழுதையை எவன் தம்பி காசு குடுத்து வாங்குவான்? பன்னெண்டு தைச்சு நான் என்ன, மேய்க்கவா?"

"ஒண்ணு போதும் பாய்."

"ஒண்ணுக்காகத் துணி வெட்டணுமா?"

"கழுதை இல்லேன்னா பஸ் எப்படிக் கிளம்பும், நீங்களே சொல்லுங்க."

பாய் பஞ்சு அடிக்கும் வில்லைக் கீழே வைத்தார். நிஜமாகவே யோசித்தார். "நாயமாத்தான் இருக்கு" என்றார்.

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் கழுதை தயார். சாம்பல் நிறக் கம்பளித் துணி, நீண்ட காது, தள்ளுவதற்குத் தோதாக முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டியே தைத்திருந்தார். கையில் வாங்கியதும் மற்ற ஆறைவிடக் கனமாக இருந்தது. கேட்டேன்.

"இலவம் பஞ்சு தீந்து போச்சு தம்பி. இதுக்குப் பருத்தி அடைச்சிருக்கேன். உள்ள என்ன இருந்தா என்ன, வெளிய கழுதைதானே?"

அமாவாசைக் காலையில் அம்மா ஏழு பொம்மைகளையும் கூடத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு சந்தேகம்.

"எல்லாம் துணியா?"

"ஆமாம்மா."

"கடைத்துணி. எத்தனை கை பட்டிருக்கும்! அப்படியே எப்படிப் படியில ஏத்தறது?"

எங்கள் வீட்டுக் கொலுவின் மேல்படியில் பெருமாள் எழுந்தருளியிருப்பார். அதனால் எந்தப் படியிலும் ஆசாரச் சுத்தமில்லாத, அதாவது மடியில்லாத, துணி ஏறக் கூடாது. மண் பொம்மையென்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். துணியென்றால் முழுக்க நனைத்து, அப்புறம் யாரும் தொடாமல் உலர வேண்டும். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. எனக்கும் வரவில்லை, என் மனைவிக்கும் வரவில்லை. பஞ்சுப் பொம்மையைத் துவைக்கலாமா என்று வேறு எந்த வீட்டிலாவது ஒருவராவது கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் நான்கு பேரும், அதற்கென்ன, துவைத்தால் போயிற்று என்றே நினைத்தோம்.

அம்மா ஈரப்புடவையோடு கிணற்றடிக்குப் போய் அண்டா நிறைய நீர் இறைத்தாள். கரடியை உள்ளே அமுக்கினாள். கையை எடுத்ததும் கரடி மேலே வந்து, தொப்பியோடு மல்லாந்து மிதந்தது. மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் வந்தது. கொக்கும் அப்படியே. பூனையும் அப்படியே. இலவம் பஞ்சு லேசில் நீர் குடிக்காது. ஆறு பேரும் அண்டாவில் வட்டமாக மிதந்தார்கள்.

"முங்க மாட்டேங்கறதேடி! முழுக்க நனையலேன்னா மடியே இல்லையே!"

"அந்தப் பக்கம் ஆமை வருதும்மா, பிடிங்கோ, பிடிங்கோ!"

"நீ தொடாதே! தூர நில்லு! அந்தக் குச்சியை இப்படித் தள்ளு!"

தர்ப்பணம் முடித்துவிட்டு வந்த அப்பா கொல்லை வாசற்படியில் நின்று பார்த்தார். அப்பா ரிடையரான பள்ளி ஆசிரியர். ஆட்டு வாத்தியாரை அம்மா குச்சியால் நீருக்குள் குத்திக்கொண்டிருந்தாள். "பாத்து, பாத்து. நானும் அந்த உத்தியோகம்தான் பாத்தேன்" என்றார். பிறகு கைகூப்பி, "திருமஞ்சனம் நன்னா நடக்கறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நான்கு மாதத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசியாகக் கழுதை. அதை அமுக்கவே வேண்டியிருக்கவில்லை. போட்டதும் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"இது ஒண்ணுதான் சொன்ன பேச்சைக் கேக்கறது" என்றாள் அம்மா.

வாழைநாரால் கட்டி, வீட்டின் இரண்டாம் கட்டில் மடித்துணி உலர்த்தும் உயரக் கொடியில் ஏழையும் கோலால் தூக்கித் தொங்கவிட்டாள். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆனாலும் மூன்று மணிக்குக் கரடி உலர்ந்துவிட்டது. ஐந்துக்குள் ஆறும் உலர்ந்துவிட்டன. கழுதை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு சொட்டு. விளக்கு வைக்கும்போது பதினான்கு. இந்த விகிதத்தில் சரஸ்வதி பூஜைப் பொங்கலும் தின்று நவராத்திரியும் முடிந்த பிறகுதான் உலரும் என்று கணக்கு வந்தது. இதை நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் காலை எட்டரைக்குள் படி முடிய வேண்டும். விளக்கேற்றி ஆரத்தி ஆனபின் படியில் எதையும் ஏற்றுவதில்லை. அமாவாசைச் சாயங்காலமே நூற்று நாற்பத்து மூன்றையும் வைத்து முடித்தோம். ஐந்தாம் படி மட்டும் வெறும் வெள்ளை வேட்டியோடு கிடந்தது.

"பரவாயில்லேம்மா. அடுத்த வருஷம் வச்சுக்கலாம். இந்தப் படியில செட்டியார் பொம்மையை இறக்கி வச்சுடலாம்" என்றாள் என் மனைவி. குரல் நன்றாகத்தான் இருந்தது. மிக நன்றாக இருந்ததுதான் தாங்கவில்லை. அம்மா கொடியை அண்ணாந்து பார்த்தாள்.

காலையில் நான் எழுந்தபோது கொடியில் கழுதை இல்லை. சமையல் நடக்கும் தளிகை உள்ளிலிருந்து ஈரக் கம்பளி நாற்றம் வந்தது. அம்மா குளித்து மடியுடுத்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கழுதையைக் காதைப் பிடித்து அப்பளம் வாட்டுவதுபோலத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். குளிக்காமல் நாங்களே நுழையக் கூடாத இடம் அது.

"நம்ம தளிகை உள்ளுல கழுதை நுழைஞ்சுடுத்தேப்பா" என்றேன் அப்பாவிடம்.

"ரெண்டாவது தடவை. கல்யாணமான புதுசுல நான் நுழைஞ்சேன்" என்றார் அப்பா.

"அங்கே என்ன பேச்சு? இதுக்கு மேலெல்லாம் காஞ்சுடுத்து. வயித்துல தீர்த்தம் நிக்கறது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அவளைத் தலைக்குத் தீர்த்தம் விட்டுண்டு சீக்கிரம் வரச் சொல்லு. தையலைப் பிரிக்கணும்."

ஆறே முக்காலுக்கு இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து கழுதையின் வயிற்றைப் பிரித்தார்கள். ஈரப் பருத்தி மூன்று கைப்பிடி வந்தது. வெறும் தோலாகிப்போன கழுதை இருபது நிமிஷத்தில் சுக்காக உலர்ந்தது. இனி எதை அடைப்பது? ஈரப் பருத்தி எட்டரைக்குள் உலராது. தலையணைப் பஞ்சு படுக்கையில் கிடந்தது, ஆகாது. புதுப் பஞ்சுக்குத் தெப்பக்குளம் போக வேண்டும். கடை திறக்கப் பத்து மணியாகும். அன்று காலை துவைத்த துணி எதுவும் மழையில் உலரவில்லை. நான் நிலைப்படியில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் நானே அடித்துக்கொண்டிருந்தேன். ஏழேகால். ஏழு இருபது.

"சித்தே வாயை மூடிண்டு இரேண்டா" என்று எழுந்துபோன அம்மா, தன் பெட்டியிலிருந்து அரக்குப் பட்டுப்புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள். தலை தீபாவளிக்கு அவளுடைய அப்பா எடுத்துக் கொடுத்தது. வருஷக்கணக்கில் அதை உடுத்திக்கொண்டுதான் பண்டிகைத் தளிகை செய்தாள். மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது.

"பட்டுக்குத் தோஷமில்லே. துவைக்கவே வேண்டாம்" என்றாள்.

"ஐயோ, வேண்டாம்மா. உங்க தலை தீபாவளிப் புடவை..."

"கிழிஞ்சதைத்தானேடி கிழிக்கறேன். அந்தத் தலைப்பைப் பிடி. நன்னா இழு. ஏன் பயந்து பயந்து இழுக்கறே, உன் புடவையா?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பட்டு கிழிகிற சத்தம் வாசல் வரை கேட்டது. சுருட்டிச் சுருட்டி அடைத்தார்கள். காதுக்கு அவள், காலுக்கு அம்மா. கழுதை முன்பைவிட இளைத்து, ஆனால் நிமிர்ந்து நின்றது. கழுத்துத் தையலில் ஒரு ஜரிகை நூல் வெளியே எட்டிப் பார்த்தது. அதை வெட்ட வேண்டாம் என்றாள் அம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பட்டுக்குத் தோஷமில்லேன்னா, முதல்லயே ஏழையும் ஒரு பட்டுல தைச்சு..."

அப்பா என் தோளைத் தொட்டார். "கேக்காதே. இன்னொரு தடவை துவைச்சுடுவா."

எட்டு ஐந்துக்கு என் மனைவி ஐந்தாம் படியில் வைக்க ஆரம்பித்தாள். நான் அட்டையில் வெட்டி ஒட்டிய பஸ் நடுவில். ஜன்னல்கள் ஆறு. கரடி முன்னால், கொக்குப் படிக்கட்டில், மற்றவர்கள் உள்ளே. கழுதையின் நீட்டிய கால்கள் பஸ்ஸின் முதுகைத் தொடும்படி வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். மறுபடியும் போய்க் கழுதையை அரை விரற்கடை நகர்த்தினாள். அம்மா ஒரு யோசனையும் சொல்லவில்லை.

சாயங்காலம் பதினேழு பேர் வந்தார்கள். எதிர்வீட்டு மாமி மூக்கில் விரலை வைத்தாள்.

"இதென்ன அநியாயம், பெருமாளுக்குக் கீழே கழுதையை வச்சிருக்கேளே?"

என் மனைவி பேசுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "என் மாட்டுப்பொண்ணு வச்ச படி அது. கழுதை இல்லாம பஸ் கிளம்புமா? போன வாரம்கூடப் பாலத்து மேல நின்னுடுத்து. அந்த வக்கீல் காக்கை இறங்கித் தள்ளாம சட்டம் பேசிண்டிருக்கு! கடைசில யார் தள்ளினா? இதுதான். விட்டுட்டுப் போயிட்டா, பாவம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நோட்டு இருந்த பெட்டிக்குப் பூட்டுப் போடுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

விஜயதசமி கழிந்த வாரம் புதுப் பத்திரிகை வந்தது. எனக்கு முன்னால் அம்மாவே அதைப் பிரித்துவிட்டாள். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"ஏண்டா, பஸ்ஸுல புதுசா ஒரு ஆந்தை ஏறியிருக்கே? செக்கிங் இன்ஸ்பெக்டராம். அப்போ எட்டாயிடுத்தே! அடுத்த வருஷம் அந்தப் படியை எப்படி வைக்கறது? இன்னிக்கே போய் மெத்தைக்கடைக்காரர்கிட்ட சொல்லிடு. பட்டுலயே தைச்சுடச் சொல்லு, துவைக்கற வேலையில்லே."

கொல்லைப்புறத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வேண்டாம்மா. வெல்வெட்டுல தைச்சு இலவம் பஞ்சே அடைக்கட்டும். அதுவும் அண்டாவுல மிதக்கணும்."

அம்மா பத்திரிகையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"சரி, அவ சொல்றபடியே சொல்லிடு" என்றாள்.